இரண்டாவது சிலிண்டர்

செவ்வாய்க்கிழமை, வைட் அவென்யூ சிக்னலில்
மாஸ்டா ஒரு தடவை இருமியது.
டாஷ்போர்டில் மஞ்சளாய் ஒரு சின்ன நீர்மூழ்கிக் கப்பல்.
எஞ்சினின் படமாம் அது.
விடாமல் எரிந்தால் சீக்கிரம் காட்டு,
மின்னினால் உடனே நிறுத்து, என்கிறது கையேடு.
மின்னவில்லை.
வேலைக்குப் போய் வரும்வரை
என்னையே முறைத்துக்கொண்டிருந்தது.

கராஜ்காரன் போனிலேயே சொன்னான்:
அறுநூற்று நாற்பது, வரி தனி.
பார்க்காமலே விலை சொல்பவர்களை
எனக்குப் பழக்கம்தான்.
நன்றி சொல்லி வைத்தேன்.

கனேடியன் டயரில் முப்பத்தெட்டு டொலருக்கு
ஒரு ஸ்கேனர், உள்ளங்கை அளவு.
செருகுமிடம் ஸ்டியரிங்குக்குக் கீழே எங்கோ.
பெடல்களுக்குள் தலையைவிட்டுத் துழாவினேன்.
கையில் பட்டவை:
கோப்பி மூடி ஒன்று,
ஐந்து சதம்,
நிமலேந்திரனின் பெயரில் ஒரு பார்க்கிங் டிக்கெட்,
மொன்றியல், பிரெஞ்சில், கட்டாதது.

செருகினேன். திரை கொஞ்சம் யோசித்தது.
பிறகு, பி பூச்சியம் மூன்று பூச்சியம் இரண்டு.
இரண்டாவது சிலிண்டரில் நெருப்பு
சரியாகப் பிடிக்கவில்லை.
அவ்வளவுதான் சொல்லும்.
யாரில் பிழை என்று சொல்லாது.
கீழ்வீட்டுக்காரர் மாதிரி,
எந்த அறையில் சத்தம் என்பது மட்டும்
அதற்குத் தெரியும்.

மைனஸ் இருபத்திரண்டு.
கிரிலுக்கு வெளியே ஹீட்டர் வயர்
நாக்குப் போலத் தொங்கியது.
பொன்னட்டைத் தூக்கி முட்டுக் கொடுத்தேன்.
காயில் நான்கு, வரிசையாக,
ஆளுக்கொரு போல்ட், பத்து மில்லிமீட்டர்.
என் பெட்டியில் எட்டு இருந்தது, ஒன்பது இருந்தது,
பதினொன்று இருந்தது.
பக்கத்துவீட்டு ஒலெக்சா சிரிக்கக்கூட இல்லை.
தன்னுடையதைக் கொண்டுவந்து கையில் வைத்து
"இது எனக்கு நாலாவது, திருப்பித் தா" என்றுவிட்டு
பனி தள்ளப் போனான்.

செய்யவேண்டியது இவ்வளவுதான்.
இரண்டில் இருக்கும் காயிலை நாலில் மாட்டு.
நாலில் இருப்பதை இரண்டில்.
குறியீட்டை அழி. ஓட்டு.
பிழை கூடவே போனால் காயிலில் பிழை.
போகாமல் அங்கேயே நின்றால்
இடத்தில்.

கையுறையோடு போல்ட் பிடிபடவில்லை,
கையுறை இல்லாமல் விரல் பிடிபடவில்லை.
ஒன்று உள்ளே விழுந்து
எங்கோ மூன்றுதரம் கிணுங்கி அடங்கியது.
அதைக் காந்தத்தால் மீன்பிடித்த நேரத்தில்தான்
இந்தச் சோதனையை முன்பே செய்திருக்கிறேன் என்று பட்டது.
மூன்று வருடத்துக்கு முன்
மொன்றியலில் என்னைக் கழற்றி
மூவாயிரத்து அறுநூறு கிலோமீட்டர் தள்ளி
எட்மன்டனில் மாட்டினேன்.
அவன் லாசாலில், யாரோ ஒருத்தியோடு
சோதனையின் மற்றப் பாதியைச்
செய்துகொண்டிருப்பான்.
முடிவை நாங்கள் ஒப்பிட்டுப் பார்க்கப்போவதில்லை.

மூடினேன். அழித்தேன்.
அழித்ததும் டாஷ்போர்ட் குழந்தையாய் முகம் கழுவியிருந்தது.
நம்பாதே என்றேன் எனக்கு.
ஆற்றுப்பக்கம் இறங்கி, பாலம் தாண்டி,
ஏற்றத்தில் வேண்டுமென்றே அழுத்தினேன்.
ஒன்றுமில்லை.
இன்னொரு ஏற்றம். ஒன்றுமில்லை.
வெற்றிலேயே திரும்பிவிடுவேனோ என்று
ஏமாற்றம்கூட வந்தது.
மூன்றாவது ஏற்றத்தில் இருமல்,
மஞ்சள் நீர்மூழ்கி,
மக்டொனால்ட்ஸ் வாசலில் ஓரங்கட்டி
நடுங்கும் கையால் செருகினேன்:
பூச்சியம் மூன்று பூச்சியம்
நாலு.

கூடப் போயிருந்தது!
காயில்தான், காயிலேதான்,
தனியே காருக்குள் இருந்து கத்தினேன்.
டிரைவ் துரூ ஜன்னலில் இருந்த பையன் எட்டிப் பார்த்தான்.
பாவம் அந்த இரண்டாவது சிலிண்டர்,
இவ்வளவு நாளும் அதன் பெயரல்லவா கெட்டது.

புதியது ஐம்பத்துநாலு டொலர், வெள்ளிக்கிழமை வரும்.
மற்ற விஷயத்துக்கு ஸ்கேனர் இல்லை.
மூன்று வருடமாக ஓடுகிறது,
சில குளிர்காலைகளில் இருமல்,
விளக்கு இன்னும் எரியவில்லை.
டிக்கெட்டைத் திரும்பவும் பெடலுக்குக் கீழேயே போட்டேன்.

ஒலெக்சாவின் சாக்கெட்
ஜாக்கெட் பையில்தான் வைத்தேன்.
இப்போது அங்கே இல்லை.